விடுதியில் இருக்கும் அந்த பேக்கப் சர்வரை எடுக்காதீர்கள்: எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

பெண்கள் விடுதியின் தரைத்தள அறையில் இருக்கும் இரண்டாவது பேக்கப் சர்வரை அங்கிருந்து எடுத்து, ஸ்மார்ட் வகுப்பறைப் பதிவுகளைச் சேமிக்கக் கொடுத்துவிடலாம் என்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் நடத்தும் ரீஸ்டோர் ஒத்திகையையும், அதாவது பேக்கப்பிலிருந்து தகவலை மீட்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனையையும், நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். தீர்மானத்தின் நகல் என் மேசையில் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாக எந்தப் பிரச்சினையும் எழாததால் இது தேவையற்ற செலவு என்று காரணம் எழுதியிருக்கிறது. மறுப்புத் தெரிவித்து முறைப்படி இரண்டு கடிதம் கொடுத்தேன். பதில் வரவில்லை. அந்தச் சர்வரில் இருப்பவை இங்கே படித்த, படிக்கிற பிள்ளைகளின் மதிப்பெண்கள். அதனால் அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ யாருடைய பெயரையோ எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை.

பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கல்லூரியின் கணினி மையத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 2023 மே மாதம் நடந்ததை உங்களில் பலர் ‘சர்வர் கொஞ்ச நாள் வேலை செய்யவில்லை’ என்ற அளவில்தான் அறிவீர்கள். உங்களுக்கு வந்த அறிக்கையில் அதற்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

நம்மிடம் மூன்று பெரிய சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் 27 விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒரே வீட்டில் பல குடித்தனம் இருப்பது மாதிரி. நூலகம், கட்டணம், வருகைப்பதிவு, தேர்வுப் பிரிவு என்று ஒவ்வொன்றும் தனிக் கணினியாக நடக்கும். சுவரும் கூரையும் மட்டும் பொது. நம்முடையது தன்னாட்சிக் கல்லூரி. வினாத்தாள் முதல் மதிப்பெண் வரை எல்லாம் இங்கேயேதான், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தருகிறது. ஆகவே தேர்வுப் பிரிவின் டேட்டாபேஸ் போனால் வேறு எங்கே போயும் கேட்க முடியாது.

மே 9ஆம் தேதி. விடைத்தாள் திருத்தம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மதியம் முழுவதும் கரண்ட் விட்டு விட்டு வந்தது, சர்வர் அறையின் ஏசி நின்றுவிட்டது. தேர்வுப் பிரிவு ஓடிக்கொண்டிருந்த சர்வரில் எட்டு ஹார்டு டிஸ்க்குகள் ரெய்டு 5 என்ற முறையில், எட்டும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல, இருந்தன. அந்த முறையில் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ஒன்று போனது. புது டிஸ்க் மாட்டினோம். மீதி ஏழும் தங்களிடம் இருப்பதை முழுக்கப் படித்துக் கொடுத்தால்தான் புது டிஸ்க் நிரம்பும். மணிக்கணக்கில் ஓய்வே இல்லாமல் ஓட வேண்டிய வேலை அது. எட்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. நள்ளிரவு 12:40க்கு இன்னொன்றும் போனது. அத்தோடு அந்தச் சர்வரில் இருந்த அனைத்தும் போனது.

அந்த நேரத்தில் நான் பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே என்று நினைத்தேன். தினமும் காலை 6 மணிக்கு பேக்கப் நல்லபடியாக முடிந்தது என்று மின்னஞ்சல் வரும், பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வேறொரு சர்வரில் ரீஸ்டோர் கொடுத்தேன். முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. விர்ச்சுவல் மெஷினை ஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடி ஓரிடத்தில் நின்றன. ஏதோ ஒரு டிஸ்க்கைத் தேடுவதாகச் சொல்லி, ஓரத்தில் நொடிகளை எண்ணத் தொடங்கியது. ஒன்றரை நிமிடம் எண்ணும். அந்தத் தொண்ணூறு நொடியையும் நின்றுகொண்டே பார்த்தேன். முடிந்ததும் எமர்ஜென்சி மோடு என்று வந்து நின்றது. டேட்டாபேஸ் இருக்க வேண்டிய இரண்டாவது டிஸ்க் அந்த பேக்கப்பில் இல்லவே இல்லை.

பேக்கப் லாகை, அதாவது அது செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் பதிவை, திறந்து வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஒரே ஒரு வரி: இரண்டாவது டிஸ்க் விலக்கப்பட்டது, பேக்கப் வேண்டாம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. கடைசி வரி: வேலை வெற்றிகரமாக முடிந்தது. எடுக்கச் சொன்னதை அது ஒழுங்காக எடுத்திருந்தது. 39 நாளாக அந்த ஒரு வரி லாகில் தினமும் இருந்திருக்கிறது. மின்னஞ்சலின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நான் கடந்து போயிருக்கிறேன்.

அந்த டிஸ்க்கை விலக்கியது நான்தான். இதை அப்போதே கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கொடுத்தேன், இங்கேயும் மறைக்கவில்லை. மார்ச் கடைசியில் பேக்கப் ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்து 27 மெஷின்களின் பேக்கப்பும் தோற்றுக்கொண்டிருந்தது. கூடுதல் டிஸ்க் கேட்டு எழுதினேன். பட்ஜெட் ஒப்புதல் வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். மற்ற 26 மெஷின்களாவது தப்பட்டும், ஓரிரு நாளில் டிஸ்க் வந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்து, விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளின் திரையில் அந்தப் பெரிய டிஸ்க்குக்கு நேரே இருந்த ‘பேக்கப்’ டிக்கை எடுத்தேன். அப்புறம் செமஸ்டர் தேர்வு வந்தது, ஓட்டம் தொடங்கியது. டிக் மறந்துபோனது. பழைய பிரதிகளில் கடைசி ஏழைத்தான் வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் உருப்படியான பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை.

பிழை என்னுடையது. ஆனால் அதை மே 9க்கு முன்பே பிடித்திருக்க நிச்சயமான வழி ஒன்று இருந்தது. அந்த 39 நாளில் யாராவது ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால் போதும். அன்றுவரை நம் கல்லூரியில் யாரும் அதைச் செய்ததில்லை. செய்வதற்கு இடமும் இல்லை, நேரம் ஒதுக்கவும் இல்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலக பீரோவில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் இருந்தது. மதிப்பெண் பதியும் அக்கா, தேர்வு தொடங்கும் முன் மார்ச் 29 அன்று, மனதுக்குச் சரியாகப் படவில்லை என்று தானாகவே ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. 2006 முதல் இங்கே படித்த அத்தனை பேரின் மதிப்பெண்ணும் அதனால்தான் பிழைத்தது. போனது கடைசி 41 நாள். அந்த 41 நாளில்தான் அந்தப் பருவத்தின் தேர்வு முழுவதும் இருந்தது.

விடைத்தாள் திருத்துபவருக்கு மாணவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக, முகப்பில் பதிவெண் இருக்கும் மேல்பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி எண் போடுகிறோம். எந்த டம்மி எண் யாருடையது என்ற பட்டியல் அந்த டேட்டாபேஸில் மட்டும் இருந்தது. ஆசிரியர்கள் கையெழுத்திட்ட மதிப்பெண் தாள்கள் கட்டுக்கட்டாகப் பத்திரமாக இருந்தன. 67 என்று போட்டிருக்கும், யாருடைய 67 என்று சொல்ல வழியில்லை. கடைசியில், கிழித்துச் சீல் வைத்திருந்த துண்டுச் சீட்டு மூட்டைகளைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் முன்னிலையில் பிரித்தோம். 11,400 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பதிவெண், டம்மி எண். ஒன்பது பேர் தேர்வுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பதிந்தார்கள். மின்விசிறி போட முடியாது, போட்டால் சீட்டு பறக்கும். ஜன்னலையும் சாத்திவிட்டு, மே மாத வெக்கையில், 16 நாள். வியர்வை பட்டு மை கலைந்துவிடக் கூடாதென்று அக்கா மடியில் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொரு சீட்டை எடுக்கும் முன்பும் விரலைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார்: “தம்பி, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களே?” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தேர்வு முடிவு 19 நாள் தள்ளிப்போனது. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் அப்பா தற்காலிகச் சான்றிதழுக்காக மூன்று முறை பஸ் ஏறி வந்து போனார். அவளுக்கு வேலை கொடுத்த நிறுவனம் இரண்டு வாரம் அவகாசம் தந்தது. இன்னொரு பையனுக்குத் தரவில்லை. அவன் அதற்கப்புறம் கல்லூரிப் பக்கம் வரவே இல்லை.

இதற்குப் பிறகுதான் முதல்வர் முன்னின்று இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று, விடுதிச் சர்வர். இன்னொன்று, ஒத்திகை. இப்போது நீங்கள் நிறுத்தச் சொல்வது இந்த இரண்டையும்தான்.

ஒத்திகை என்றால் என்ன செய்கிறோம் என்று உங்களிடம் யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை, 27 மெஷின்களில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுப்போம். அதை பேக்கப்பிலிருந்து எடுத்து, வெளித்தொடர்பு எதுவும் இல்லாத தனி நெட்வொர்க்கில் உயிர்ப்பிப்போம். தனியாக வைக்காவிட்டால் ஒரே முகவரியில் இரண்டு மெஷின் எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும் அசலோடு மோதும். லாகின் திரை வந்துவிட்டால் போதாது. அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவர் வந்து உட்கார்ந்து, கையில் இருக்கும் காகிதப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுப் பிரிவு என்றால் அக்கா வருவார், பழைய பேரேட்டிலிருந்து ஒரு பதிவெண்ணைச் சொல்வார், திரையில் வரும் ஐந்து மதிப்பெண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். எத்தனை நிமிடம் ஆனது, எது தகராறு செய்தது என்று ஒரு பக்கம் எழுதி வைப்போம். அரை நாள் வேலை.

2023 செப்டம்பர் முதல் பத்து ஒத்திகை முடிந்திருக்கிறது. நான்கில் குறை கண்டுபிடித்தோம். அந்த நான்கையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஒத்திகையிலேயே பேக்கப்பைத் திறக்க முடியவில்லை. திருட்டுப் பயத்தால் அதை மறையாக்கம் செய்து வைத்திருந்தோம். திறப்பதற்கான சாவிக் கோப்பு அதே சர்வரில் மட்டும்தான் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியிலிருந்து பூட்டிய கதை. இப்போது அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சடித்து முதல்வர் அறை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

கட்டணப் பிரிவின் மெஷின் எழுந்தது, ஆனால் சில டேபிள்கள் உடைந்திருந்தன. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த பேக்கப் அது. கணக்குப் பிள்ளை பாதி வரி எழுதும்போது நோட்டைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. பழைய மென்பொருள், மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகை டேபிள்கள், அவற்றுக்கு இதைத் தாங்கும் சக்தி கிடையாது. இப்போது தினமும் பேக்கப்புக்கு முன்னால் டேட்டாபேஸைத் தனியாக டம்ப், அதாவது முழுப் பிரதி, எடுத்துவிடுகிறோம்.

இன்னொரு முறை, எந்த மெஷினை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை தவறியதில் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றன. அந்த வரிசையை எழுதிய ஆவணமே இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தது. இப்போது அது இரண்டு பக்கக் காகிதமாக மூன்று இடத்தில் இருக்கிறது.

நான்காவதுதான் இந்த மடலுக்கே காரணம். 2025 மார்ச். சீட்டில் தேர்வுப் பிரிவு வந்தது. முதல் பேக்கப் சர்வரிலிருந்து ரீஸ்டோர் செய்தபோது பாதியில் பிழை காட்டி நின்றது. ஒரு டிஸ்க்கில் சில பகுதிகள் கெட்டுப்போயிருந்தன. இடத்தை மிச்சப்படுத்த, ஒரே மாதிரியான துண்டுகளை பேக்கப் சர்வர் ஒரு முறைதான் வைத்துக்கொள்ளும். நேற்றைய பேக்கப்பும் சென்ற மாத பேக்கப்பும் அதே துண்டையே நம்பியிருக்கும். அந்தத் துண்டு கெட்டால் அதை நம்பியிருக்கும் எல்லா நாளும் கெட்டுவிடும். அன்று கெட்டிருந்தது தேர்வுப் பிரிவு டிஸ்க்கின் பழைய பகுதி, அதாவது 2006 முதல் இருக்கிற மதிப்பெண்கள். விடுதிச் சர்வரிலிருந்து எடுத்தோம். 52 நிமிடத்தில் எழுந்தது. அக்கா பதிவெண் சொன்னார், ஐந்து மதிப்பெண்ணும் சரியாக வந்தன. கெட்ட டிஸ்க்கை மாற்றி, விடுதிப் பிரதியைக் கொண்டே முதல் சர்வரை மறுபடி நிரப்பினோம். திங்கட்கிழமை வழக்கம்போல் அலுவலகம் திறந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இரண்டரை ஆண்டுகளாகப் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை வந்தது. நான்கு முறை வந்தது. ஒத்திகை அதைக் கண்டுபிடித்ததாலும் விடுதிச் சர்வர் கைகொடுத்ததாலும் அது உங்கள் மேசை வரை வரவில்லை. இதையெல்லாம் அவ்வப்போது உங்களுக்கு எழுதி அனுப்பாதது என் தவறு. இனி அனுப்புவேன்.

அடுத்து, தீர்மானத்தில் சொல்லியிருக்கும் மாற்று ஏற்பாடு. சர்வர் விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி உங்களிடம் ‘ரெய்டு இருக்கிறது, மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடலாம், தனி பேக்கப் எதற்கு’ என்று சொன்னதாக அறிந்தேன். ரெய்டு என்ன செய்யும் என்பதை மே 9 அன்று பார்த்துவிட்டோம். ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் மெஷின் இருந்த நிலையைக் குறித்து வைப்பது, நல்ல வசதிதான். ஒரு அப்டேட் போடும் முன் எடுத்து வைத்தால், தகராறு வந்ததும் பின்னால் போய்விடலாம். நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது இருப்பது அசல் இருக்கும் அதே டிஸ்க்கில். அசலின் மேல் சாய்ந்துதான் அது நிற்கிறது, அசல் போனால் ஸ்னாப்ஷாட் தனியாக எதற்கும் உதவாது. ஸ்னாப்ஷாட்டை பேக்கப்பாக நம்ப வேண்டாம், ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று விஎம்வேர் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. இந்தத் தொழிலில் விர்ச்சுவல் மெஷினைப் பரவலாக்கியவர்களின் அறிவுரை அது. விற்பனைப் பிரதிநிதியிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

நம்முடைய சின்னக் கல்லூரியில்தான் இப்படி நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கிட்லேப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் இடம். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே நாள் முழுவதும் வேலை பார்த்துக் களைத்திருந்த ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது ஒன்றும் உருப்படியாக இல்லை. தினசரி டம்ப், பழைய பதிப்பின் கருவியைக் கொண்டு ஓடியதால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் அஞ்சல் சர்வரில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வேறு சர்வருக்குக் கொண்டுபோயிருந்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். அவர்கள் நடந்தது முழுவதையும் பொதுவில் எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் பீரோவில் இருந்த வெளி ஹார்டு டிஸ்க்தான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில் 2023 ஆகஸ்ட் 26 அன்று அரசு கிளவுடை ரான்சம்வேர், அதாவது தகவலைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள், தாக்கியது. அங்கே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் அன்றுவரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின. அமைச்சரவை அலுவலகத்தின் அஞ்சல்களும் அதில் சேர்த்தி. தாக்குபவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அது கைக்கெட்டினால் அதையும் சேர்த்துப் பூட்டுவான். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. இரண்டு வாரம் போல எல்லாம் கையால் எழுதி நடந்தது. ஆனால் தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் தகவலை மீட்டுவிட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. விடுதிச் சர்வரை நாங்கள் அமைத்திருக்கும் விதமும் இதை மனதில் வைத்துத்தான். அது தானே வந்து முதல் சர்வரிலிருந்து பிரதியை இழுத்துக்கொள்கிறது. முதல் சர்வருக்கு அதன் கடவுச்சொல் தெரியாது. முதல் சர்வரை யார் பிடித்தாலும் அங்கிருந்துகொண்டு விடுதிச் சர்வரில் இருப்பதை அழிக்க முடியாது.

பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 செப்டம்பர் 26 போதும். தென் கொரியாவில் டேஜான் நகரத்து அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற ஸ்டோரேஜ் எரிந்து 858 டெராபைட் அழிந்தது. வெளியே பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள். நம்முடையது மொத்தமே 6 டெராபைட். அளவைக் காரணம் சொல்ல நமக்கு வழியே இல்லை. நம் சர்வர் அறையின் யூபிஎஸ் பேட்டரிகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்: சர்வர் ரேக்கிலிருந்து ஆறடி தள்ளி. முதல் பேக்கப் சர்வர் அதே ரேக்கில். விடுதி 600 மீட்டர் தள்ளி இருக்கிறது.

செலவைப் பற்றி. விடுதிச் சர்வர் ஏற்கெனவே வாங்கியது, அதற்கு மின்கட்டணம் தவிர வேறெதுவும் இல்லை. ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஸ்டோரேஜ் தேவைதான், மறுக்கவில்லை. பாடப் பதிவு போனால் மறுபடி எடுக்கலாம், அதற்கு நெட்வொர்க்கில் மாட்டும் சாதாரணமான ஒரு ஸ்டோரேஜ் பெட்டி (நாஸ்) போதும். விலைப்பட்டியல் மூன்று வாங்கி என் இரண்டாவது கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.

நான் கேட்பவை இவை.

விடுதிச் சர்வரை எடுக்கும் முடிவை, ஏப்ரல் செமஸ்டர் தேர்வு தொடங்கும் முன் எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அந்த அறைச் சாவி கணினி மையத்திடமே இருக்க வேண்டும்.

ரீஸ்டோர் ஒத்திகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையின் ஒரு பக்க அறிக்கையும், குறைகள் உட்பட, ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். சனிக்கிழமை வரும் துறை ஊழியர்களுக்கு ஈடு விடுப்பு கொடுங்கள். இரண்டரை ஆண்டுகளாக அவர்கள் சும்மா வந்துகொண்டிருக்கிறார்கள்.

தேர்வுப் பிரிவின் பிரதி ஒன்று வளாகத்துக்கே வெளியே இருக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நம் அறக்கட்டளையின் பள்ளி இருக்கிறது. மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து அங்கே இரும்புப் பெட்டியில் வைக்க இரண்டு டிஸ்க் வேண்டும். சென்ற ஆண்டு கேட்டு மறுக்கப்பட்டது இதுதான்.

ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு கேள்விக்கு உங்கள் பதில் எழுத்தில் வேண்டும்: சர்வர் போனால் எத்தனை மணி நேரம் வரை பொறுக்கலாம், எத்தனை நேரத்துத் தகவல் போனால் பரவாயில்லை. மொத்தத்தையும் மீட்க வேண்டி வந்தால் இப்போதிருக்கும் நெட்வொர்க்கில் 6 டெராபைட்டை நகர்த்த மட்டும் சுமார் 15 மணி நேரம் ஆகும். நூலகம் ஒரு நாள் பொறுக்கும், திருத்தம் நடக்கும்போது தேர்வுப் பிரிவு பொறுக்காது. இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சிஸ்டம் அட்மினுடையது அல்ல, உங்களுடையது. உங்கள் பதிலை வைத்துத்தான் நான் பேக்கப்பை அமைக்க முடியும்.

என்னைத் தவிர இன்னொருவருக்கு இந்த வேலையைப் பழக்க அனுமதி வேண்டும். இன்று எனக்கு ஏதாவது ஆனால் அந்த இரண்டு பக்கக் காகிதத்தைப் படித்துச் செய்யக்கூடியவர் இந்த வளாகத்தில் யாரும் இல்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த ஒத்திகை மார்ச் 28, சனிக்கிழமை காலை 9:30. அதற்குள் நிறுத்தச் சொல்லும் உத்தரவு வராவிட்டால் நடத்துவேன். உங்களில் ஒருவராவது வாருங்கள். இந்த முறை சீட்டை நீங்களே எடுங்கள். பதிவெண்ணையும் நீங்களே சொல்லுங்கள், அக்கா பேரேட்டை எடுத்து வைத்திருப்பார்.

இப்படிக்கு,
கணினி மைய சிஸ்டம் அட்மின்